சிம்சன் பாலைவனம் போகுமுன் பிராடோவுக்கு எந்த ஸ்பிரிங், எந்த ஷாக்?

கேள்வி: 12 மார்ச் 2023

அண்ணா, மெல்பர்னில் இருக்கிறேன். 2016 மாடல் டொயோட்டா பிராடோ 150 டீசல், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று சஸ்பென்ஷன் எல்லாம் கம்பெனியில் வந்ததுதான். முன்னால் ஸ்டீல் புல் பார், இரண்டாவது பேட்டரி, பின்னால் மர டிராயர், ஃபிரிட்ஜ், கூரையில் ரேக், அதன்மேல் ரூஃப் டென்ட். ஜூலையில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மரீயிலிருந்து ஊட்னடாட்டா டிராக், அங்கிருந்து மவுண்ட் டேர், டல்ஹௌசி, ஃபிரெஞ்ச் லைன் என்ற பாலைவனப் பாதை வழியாக சிம்சனைக் கடந்து பேர்ட்ஸ்வில் போகிறோம். ஒரு கடையில் வண்டியை உயர்த்தும் 3 இஞ்ச் லிஃப்ட் கிட் போடு என்கிறார்கள். நண்பர் ஒருவர் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை, அதாவது ஏர்பேக், மட்டும் போதும் என்கிறார். கையில் 4,000 டாலர் இருக்கிறது. மணல்மேடு ஏற எத்தனை இஞ்ச் லிஃப்ட் வேண்டும்?

12 மார்ச் 2023, இரவு

எத்தனை இஞ்ச் என்று தொடங்கினால் கடைக்காரர் சொல்வதைத்தான் வாங்கி வருவீர்கள். எத்தனை கிலோ என்று தொடங்குங்கள். சிம்சனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் இருக்கின்றன. கம்பெனி உயரத்திலேயே பிராடோக்கள் அவற்றை வருடாவருடம் கடக்கின்றன. மணலில் வண்டியை ஏற்றுவது டயர் காற்றை இறக்குவதுதான். வண்டியை உடைப்பது மணல்மேடு இல்லை. அதற்கு முன்னும் பின்னும் வரும் மண் ரோட்டில், தகரக் கூரை ஷீட் போலக் குறுக்கே வரி வரியாக எழும்பி நிற்கும் காருகேஷன்.

பயணத்துக்குக் கட்டுவதுபோல முழுச் சாமானும் ஏற்றி, டேங்க் நிரப்பி, நான்கு பேரும் உட்கார்ந்து எடை மேடைக்குப் போங்கள். முன் ஆக்சில் தனி, பின் ஆக்சில் தனி, மொத்தம் தனி. மூன்று எண்ணும் வேண்டும். அவை வருகிற வரை 4,000 டாலர் பையிலேயே இருக்கட்டும்.

எடை தெரியாமல் ஒரு யூகம் சொல்வதானால், நீங்கள் சொன்ன சாமானுக்குப் பின்னால் 400 கிலோ நிரந்தரப் பாரத்துக்கான ஸ்பிரிங் தேவைப்படும்.

14 மார்ச் 2023

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டிருந்தீர்கள். 2014-இல் நடந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது பிராடோ 120. முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் காயில் ஸ்பிரிங்கோடு ஒரே ஆக்சில். உங்கள் 150-க்கும் அதே அமைப்புதான். அடிலெய்டில் ஒரு கடையில், பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு, உயரமாகவும் கடினமாகவும் இருந்த ஒரு கிட் போட்டேன். ஸ்பிரிங் 500 கிலோவுக்கானது. ஷாக் மலிவானது. வண்டி நிமிர்ந்து நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மரீயிலிருந்து வில்லியம் கிரீக் சுமார் 200 கி.மீ. அதுவரை ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டி ஊட்னடாட்டா நோக்கிப் போகும்போது வண்டியின் பின்பக்கம் மெதுவாக இடதுபக்கம் நகர ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை, வண்டி தானாகப் பக்கவாட்டில் போகிறது. நிறுத்தி இறங்கினால் சூடான எண்ணெய் வாசனை. குனிந்து பார்த்தேன். பின் இடது ஷாக்கின் உடம்பு முழுக்க எண்ணெய். அதில் சிவப்பு மண் ஒட்டிக் களிமண் பூசினதுபோலக் கெட்டியாக இருந்தது. விரலால் வழித்தால் கீழே கறுப்புப் பெயின்ட் தெரிந்தது.

அன்று கற்றுக்கொண்டது இதுதான். புறங்கையை வலது ஷாக்கின் பக்கத்தில் கொண்டுபோனேன், தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. இடது ஷாக் வெதுவெதுப்பாக இருந்தது. சூடாக இருப்பதுதான் கெட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தலைகீழ். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் விழுங்கி, உள்ளே இருக்கும் எண்ணெயில் சூடாக்கி வெளியே விடுகிறது. சூடாகிற ஷாக் வேலை செய்கிறது. பக்கத்தில் இருப்பது கொதிக்கும்போது ஒன்று மட்டும் ஆறிப்போயிருந்தால் அது செத்துவிட்டது.

அல்ஜிபக்கினா பாலம் வரை 30 கி.மீ. வேகத்தில் உருட்டிப் போனோம். பழைய கான் ரயில் போன பாலம், 1892-இல் கட்டியது, 578 மீட்டர் நீளம். அதன் அடியில் இரண்டு இரவு. என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது, அந்தப் பயணத்திலேயே அதுதான் அவளுக்குப் பிடித்த இடம். எனக்கு இரண்டு இரவும் தூக்கமில்லை. அடுத்து வந்த வண்டிக்காரர் ஒருவர் ஊட்னடாட்டாவுக்குச் செய்தி சொல்லி, வேறொரு ஷாக் வந்து சேர மூன்றாம் நாளாகிவிட்டது.

கடையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எடை என்ன என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

19 மார்ச் 2023

எடைச் சீட்டு வந்துவிட்டது. முன் 1,330, பின் 1,790, மொத்தம் 3,120 கிலோ. உங்கள் வண்டியின் தகட்டில் இருக்கும் ஜி.வி.எம்., அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்த உச்ச எடை, 2,990. ஆக 130 கிலோ அதிகம். ஐந்து அரிசி மூட்டையை வரம்புக்கு மேல் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறீர்கள்.

இதை ஸ்பிரிங் மாற்றித் தீர்க்க முடியாது. இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், தகட்டில் உள்ள எண் மாறாது. ஜி.வி.எம். உயர்த்துவது என்பது அதற்கென அங்கீகாரம் பெற்ற கிட்டைப் பொருத்தி, சான்று வாங்கி, புதுத் தகடு அடிப்பது. புது வண்டியாக இருந்து முதல் பதிவுக்கு முன்பே செய்தால் எந்த மாநிலத்திலும் செல்லும். பதிவான வண்டிக்கு அந்தந்த மாநில விதி. 130 கிலோ அதிகத்தோடு விபத்தானால் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி எடையாகத்தான் இருக்கும்.

அப்புறம், எண் மட்டும் பார்க்காதீர்கள், எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஊரில் பார வண்டி ஏற்றுகிறவர்கள் முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் மூட்டையை வைப்பார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து போகும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். நான்கு சக்கர வண்டிக்கும் கணக்கு அதேதான். பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குகிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்குகிறது. உங்கள் டிராயரும் ஃபிரிட்ஜும் தண்ணீரும் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கூரையில் இருப்பது சரிவில் வண்டியைச் சாய்க்கும். கூரைக்குத் தனி வரம்பு உண்டு, கரடு பாதையில் அது இன்னும் குறையும்.

இறக்கவேண்டியவை, என் கணக்கில்:

ரூஃப் டென்ட் 60 கிலோ. தரையில் போடும் டென்ட் 18. மிச்சம் 42.
மர டிராயர் 75. பிளாஸ்டிக் பெட்டி 15. மிச்சம் 60.
இரண்டு ஜெரி கேன் டீசல், 40. உங்கள் வண்டியின் இரண்டு டேங்கும் சேர்ந்து 150 லிட்டர். மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் 550 கி.மீ.க்குள். மணலில் 100 கி.மீ.க்கு 20 லிட்டர் குடித்தாலும் 110 தான். கேன் வேண்டாம்.

மொத்தம் 142 கிலோ குறைந்து 2,978. வரம்புக்குள் வந்துவிட்டீர்கள், ஒரு டாலர் செலவில்லாமல். இரண்டாவது ஸ்டெப்னியையும் தண்ணீரையும் மட்டும் தொடாதீர்கள்.

21 மார்ச் 2023

முதல் நாள் 400 கிலோ ஸ்பிரிங் என்று சொன்னேன். அது தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஸ்பிரிங்குகளை விற்கும்போது '200 கிலோ நிரந்தரம்', '400 கிலோ நிரந்தரம்' என்று எழுதியிருப்பார்கள். நிரந்தரம் என்பதுதான் அங்கே முக்கியமான வார்த்தை. திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகும்போதும் வண்டியில் இருக்கும் பாரம். டிராயரைக் கழற்றிய பிறகு உங்கள் வண்டியின் பின்னால் வருடத்தில் 50 வாரம் ஒன்றும் கிடையாது. 400 கிலோ ஸ்பிரிங் போட்டால் அந்த 50 வாரமும் பின் சீட்டில் பிள்ளைகள் குலுங்கிக்கொண்டே இருப்பார்கள். அது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. பாரம் இல்லாத கடினமான ஸ்பிரிங், டயரை ரோட்டிலிருந்து எகிற வைக்கும். அதை இழுத்துப் பிடிப்பது ஷாக்கின் வேலை, ஆகவே ஷாக் சீக்கிரம் தேயும். 2014-இல் எனக்கு நடந்ததும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதே தப்பை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன்.

பின்னால் 200 கிலோ ரகம். முன்னால் ஸ்டீல் புல் பாரும் பேட்டரியும் கழற்றப் போவதில்லை என்பதால் அந்தப் பாரத்துக்கான ஸ்பிரிங். முன்னும் பின்னும் ஒரே ரகம் வாங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

2 ஏப்ரல் 2023

ஷாக். பணத்தை இதில் போடுங்கள்.

டுவின் டியூப் என்பது குழாய்க்குள் குழாய். எண்ணெயும் குறைந்த அழுத்த வாயுவும் உள்ளே ஒன்றாகவே இருக்கும். காருகேஷனில் பிஸ்டன் மணிக்கணக்கில் மேலும் கீழும் அடிக்கும்போது வாயு எண்ணெயோடு கலந்து நுரைக்கும். டிகாஷன் ஆற்றும்போது எழும் நுரையை நினைத்துக்கொள்ளுங்கள். நுரைக்குள் பிஸ்டன் போனால் தடை கிடையாது, வண்டி மிதக்க ஆரம்பிக்கும். ஆனால் வெளிக் குழாயில் கல் பட்டு நசுங்கினாலும் பெரும்பாலும் ஓடும், ஏனென்றால் பிஸ்டன் ஓடுவது உள் குழாயில்.

மோனோ டியூப் ஒரே குழாய். எண்ணெயையும் அதிக அழுத்த நைட்ரஜனையும் நடுவில் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைத்திருக்கும். நுரை வராது. எண்ணெய் வெளிச் சுவரைத் தொட்டபடி இருப்பதால் சீக்கிரம் ஆறும். குறை என்னவென்றால், அந்தச் சுவரில் ஒரு நல்ல பள்ளம் விழுந்தால் பிஸ்டன் அங்கேயே மாட்டும்.

ஃபோம் செல் இரண்டுக்கும் நடுவே. டுவின் டியூப்தான், வாயுவுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன அறைகள் கொண்ட ஃபோம். கலக்க வாயு இல்லை என்பதால் நுரை குறைவு. தடியான உடம்பு, எண்ணெயும் அதிகம் பிடிக்கும்.

தனியே எண்ணெய்க் குடுவை வைத்த ரிமோட் ரிசர்வாயர் ஷாக்குகள் இன்னும் நல்லவை. உங்கள் 4,000 டாலரில் நான்கும் வராது, வேகமாக ஓட்டுகிற எண்ணமும் உங்களுக்கு இல்லை. விட்டுவிடுங்கள்.

என் வண்டியில் 2015-இலிருந்து ஃபோம் செல் ஓடுகிறது. டனாமி ரோடு ஒரு தடவை, கிப் ரிவர் ரோடு ஒரு தடவை, ஊட்னடாட்டா மூன்று தடவை.

3 ஏப்ரல் 2023

பிராண்டு பெயர் சொல்லு என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். ஓல்ட் மேன் ஈமு நைட்ரோசார்ஜர் டுவின் டியூப். பில்ஸ்டீன் மோனோ டியூப். டஃப் டாக், அயர்ன்மேன் இரண்டிலும் ஃபோம் செல் கிடைக்கும். எல்லாவற்றிலும் பாலைவனம் கடந்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே இடத்தில் கேட்டு வாங்குங்கள். பெயரைவிட அதுதான் பெரிது.

15 ஏப்ரல் 2023

கடைக்காரர் சொன்ன 3 இஞ்ச் லிஃப்ட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். காரணம் இது.

பிராடோவின் முன்பக்கத்தைத் தூக்கினால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் சாய்வாக நிற்கும். அதன் முனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டின் ரப்பர் உறை மடிந்து உரசும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் கீழ்நோக்கித் தொங்கி, சக்கரம் கீழே இறங்க இடம் குறைந்துபோகும். பள்ளத்தில் சக்கரம் இறங்கவேண்டிய நேரத்தில் டங் என்று தட்டும். ஸ்டீயரிங்கை நேருக்குக் கொண்டுவரும் காஸ்டர் கோணமும் குறைந்து, திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ஹைவேயில் லாரி எதிரே வரும்போது தெரியும். இதையெல்லாம் சரிசெய்ய மேல் ஆர்ம் மாற்று, டிஃபரென்ஷியலை இறக்கு என்று செலவு போய்க்கொண்டே இருக்கும்.

2 இஞ்ச், அதாவது 50 மி.மீ. போதும். பெரும்பாலான மாநிலங்களில் சான்று இல்லாமல் அனுமதிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். டயர் அளவை மாற்றினால் அதுவும் கணக்கில் வரும் என்பதால் விக்டோரியா விதியைப் படித்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு உண்மையில் 40 மி.மீ. கிடைத்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

6 மே 2023

ஏர்பேக் விஷயம். பெர்த்திலிருந்து ஒரு அக்கா தன் ஹைலக்ஸ் பிக்கப்புக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார். இரண்டுக்கும் பதில் வேறு.

பிராடோவில் பை காயிலுக்கு உள்ளே உட்காரும். பாரம் ஸ்பிரிங் உட்காரும் அதே இடத்தில்தான் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இறங்கும். ஆகவே அபாயமில்லை. 200 கிலோ ஸ்பிரிங்கோடு பயணத்துக்கு மட்டும் கொஞ்சம் காற்று அடித்துக்கொள்ள இது நல்ல வழி, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. காற்று இல்லாமல் ஓட்டினால் பை மடிந்து கிழியும், 5 பி.எஸ்.ஐ.யாவது இருக்கட்டும். நிறைய அடித்தால் ஸ்பிரிங் நடுவே ஒரு மரக்கட்டையைச் சொருகியதுபோல ஆகிவிடும்.

அக்கா, ஹைலக்சில் பின்னால் இருப்பது லீஃப் பட்டை. பட்டையின் பாரம் முன்முனை, பின்முனை என்று இரண்டு இடத்தில் சேஸுக்குப் போகிறது. நடுவே பையை வைத்து நிறையக் காற்று அடித்தால் முழுப் பாரமும் அந்த ஒரு புள்ளியில் சேஸை மேல்நோக்கித் தள்ளும். பின்னால் கேரவன் தொங்கினால் அந்த இடத்தில் சேஸ் வளையும். டபுள் கேப் வண்டிகள் நடுமுதுகு ஒடிந்து நிற்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பட்டையை மாற்றுங்கள், பை வேண்டாம்.

28 மே 2023

மெல்பர்ன் தம்பிக்கு வேலை முடிந்து வண்டி வந்துவிட்டதாம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து அனுப்பியிருக்கிறார், நான்கு மூலையும். முன்னால் 500 மி.மீ. இருந்தது 540. பின்னால் பாரத்தோடு 485 இருந்தது, இப்போது அதே பாரத்தோடு 535. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும், அதனால்தான் சக்கர நடுவிலிருந்து அளக்கச் சொன்னேன்.

இடதும் வலதும் 3 மி.மீ. வித்தியாசம். அது ஒன்றுமில்லை.

கிளம்புவதற்கு முன் 500 கி.மீ. ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் திரும்ப முறுக்கச் சொல்லுங்கள். ரப்பர் புஷ் இருக்கும் மூட்டுகளின் போல்ட்டுகளை வண்டி தரையில் சொந்தக் காலில் நிற்கும்போது முறுக்கவேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும். இதை நின்று பாருங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட், அச்சடித்த தாளோடு.

பின் ஷாக் ஒன்று உபரியாக எடுத்துப்போங்கள். இரண்டு போல்ட்டில் மாற்றிவிடலாம். முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருப்பதால் வழியில் பிரிக்க முடியாது, ஆசைப்படாதீர்கள்.

18 ஜூன் 2023

கடைசி விஷயம் காற்று. இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும். நல்ல மண் ரோட்டுக்கு 28 பி.எஸ்.ஐ. என்று எல்லாருக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவந்தேன். வண்டியின் எடையும் டயரும் வேறு வேறாக இருக்கும்போது ஒரே எண் எப்படிச் சரியாகும்? காலையில் குளிர்ந்த டயரில் அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடி அளங்கள். 4-லிருந்து 6 வரை ஏறியிருந்தால் சரி. 10 ஏறியிருந்தால் காற்று போதவில்லை, அல்லது வேகம் அதிகம். 28-இல் தொடங்கி இப்படிச் சரிசெய்யுங்கள். மணலில் 16, 18.

80 கி.மீ. வேகத்தில் போனால் காருகேஷனின் மேல் மிதந்து போகலாம் என்று சொல்வார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். குலுக்கல் குறைவது உண்மை. டயர் ரோட்டைத் தொடும் நேரமும் அதே அளவு குறைகிறது. வளைவில் ஒரு மாடு நின்றால் பிரேக் பிடிக்க ரோடு கையில் இல்லை. பிள்ளைகளோடு போகிறீர்கள், 60-இல் போங்கள். ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி நான்கு ஷாக்கின் பக்கத்திலும் புறங்கையைக் காட்டுங்கள். ஷாக்கும் ஆறும், பிள்ளைகளும் இறங்கி ஓடுவார்கள்.

இந்த ஜூலையில் பிக் ரெட் பாஷ் இசை விழாவுக்கு பேர்ட்ஸ்வில் பக்கம் ஆயிரக்கணக்கில் வண்டிகள் போகும். அது முடிந்த வாரத்தில் ரோடு நொறுங்கிக் கிடக்கும். இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்துக்குள் வண்டிக்கு மணல் கொடி கட்டாயம், தென் ஆஸ்திரேலியப் பக்கத்துக்கு டெசர்ட் பார்க்ஸ் பாஸ் எடுத்தாயிற்றா?

30 ஜூலை 2023

தம்பி நேற்றிரவு மெல்பர்ன் வந்து சேர்ந்தார். நல்லபடியாக முடிந்தது. பேர்ட்ஸ்வில் பக்கத்துப் பெரிய மணல்மேடான பிக் ரெட்டை மூன்றாவது முயற்சியில் ஏறினாராம், காற்றை 18-இலிருந்து 15-ஆக இறக்கிய பிறகு. உபரி ஷாக் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

இன்று காலை போனில் படம் பிடித்தபடி வண்டிக்கு அடியில் படுத்து எனக்குக் காட்டினார். நான்கு ஷாக்கும் காய்ந்திருந்தன, செம்மண் தூளாகத்தான் ஒட்டியிருந்தது, பசையாக இல்லை. டேப் வைத்தும் அளந்தார். பாரம் இறக்கியபின் பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. பின் வலது ஷாக்கின் கீழ் புஷ்ஷில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்தப் போல்ட்டைத் தரையில் வைத்து முறுக்கினார்களா என்று கேட்டேன். மற்ற மூன்றையும் நின்று பார்த்தாராம், அதை முறுக்கும்போது போன் வந்து வெளியே போய்விட்டாராம். சனிக்கிழமை புஷ்ஷை மாற்றுகிறார்.